பொட்டு வைத்த கேம் ரிமோட்

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. நாலு வரி எழுதினால் கை வலிக்கிறது, எழுதியதைத் திரும்பப் படித்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. மறதியும் சேர்ந்துகொண்டது. முன்னே நடந்தது பின்னே வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நானும் என் மருமகளும் ஒரே பிரிண்டிங் பட்டறையில் வேலை பார்த்தோம். திருப்பூரில் பனியனுக்கு நெஞ்சில் படம் அடித்துக் கொடுக்கிற பட்டறை. சூடு மெஷினிலிருந்து காய்ந்து வரும் பீஸை எடுத்து அடுக்குவது என் வேலை. மருமகளுக்கு உள்ளே, கண்ணாடிக் கதவு போட்ட அறையில், கம்ப்யூட்டர் வேலை. கம்பெனிக்காரர்கள் கொடுக்கும் படத்தை வரைந்து, எத்தனை கலரோ அத்தனையாகப் பிரித்துக் கொடுப்பாள். சிவப்புக்கு ஒரு பிலிம், நீலத்துக்கு ஒரு பிலிம். அவள் பிரித்தது சரியாக இருந்தால்தான் மேஜையில் அடிக்கும்போது கலர்கள் ஒன்றோடொன்று பொருந்தி உட்காரும். கொஞ்சம் தள்ளிப் போனாலும் யானைக்குக் கண் காதில் போய் நிற்கும்.

அவள் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். கம்ப்யூட்டர் படித்துவிட்டு வேலைக்கு வந்த இடத்தில் என் மகனைக் கட்டிக்கொண்டாள். மகன் பெருமாநல்லூரில் ஒரு கம்பெனியில் டெய்லர்.

ஒரு மழை நாளில் இருவரும் வண்டியில் வரும்போது ரோட்டில் சறுக்கி விழுந்தார்கள். அவனுக்குச் சிராய்ப்போடு போயிற்று. இவளுக்கு வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. கட்டுப் பிரித்தபோது கட்டை விரல் மட்டும்தான் சொன்ன பேச்சைக் கேட்டது. மற்ற நான்கும் பாதி மடங்கினபடியே நின்றுவிட்டன. டம்ளரைப் பிடித்திருக்கிற மாதிரி இருக்கும், டம்ளர்தான் இருக்காது.

அந்தக் கையை மவுசின்மேல் வைக்க முடியவில்லை. இடது கையில் மவுசைப் பிடித்துப் பார்த்தாள். ஆனால் அவள் வேலையில் இடது கை எப்போதும் கீபோர்டில் இருக்க வேண்டுமாம். ஒரே கை இரண்டு இடத்துக்கும் ஓடி ஓடி, வரைந்த கோடெல்லாம் நெளிந்தது. ஒரு நாள் வேலை நாலு நாள் இழுத்தது.

முதலாளியைக் குறை சொல்ல மாட்டேன். அவள் படுத்திருந்த காலமெல்லாம் வெளியே கொடுத்துப் படம் வாங்கி ஓட்டினார். தீபாவளி ஆர்டர் நெருங்கியதும் என்னைக் கூப்பிட்டார். குன்னத்தூரிலிருந்து ஒரு டிசைனர் வருகிறேன் என்கிறார், தீபாவளிக்குள் மருமகளுக்குக் கை சரியாகாவிட்டால் அவரைத்தான் உட்கார வைக்க வேண்டும், மருமகளை விட்டுவிட மாட்டேன், உங்களோடு பீஸ் அடுக்கட்டும் என்றார். நான் எப்போதும்போல "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அதை மருமகளிடம் சொன்னபோது அவள் அழவில்லை. வேறொருவர் தன் நாற்காலியில் இருப்பதைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டே பீஸ் அடுக்கச் சொல்கிறாரா என்று மட்டும் கேட்டாள்.

மகன் கல்யாணத்துக்கு முன்னால் வாங்கிய கேம் பெட்டி ஒன்று பரண்மேல் கிடந்தது. டிவியில் மாட்டி விளையாடுவது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பொழுது போகாமல் அதை இறக்கி, கார் ஓட்டுகிற ஆட்டம் போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று டிவியில் கார் மோதுகிற சத்தம். மோதிய பிறகும் அவள் அதைப் பார்க்காமல் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, இங்க பாத்தியளா? இது கைக்குள்ள நிக்கு."

அந்த ரிமோட்டுக்கு இரண்டு பக்கமும் கொம்பு மாதிரிக் கீழே இறங்கியிருக்கும். வலது பக்கக் கொம்பு, மடங்கிய அந்த நாலு விரலுக்குள்ளும் அளவெடுத்தது மாதிரி உட்கார்ந்திருந்தது. மேலே காளான் மாதிரி ஒரு குமிழ். கட்டை விரல் அதன்மேல் இருந்தது. அவள் தள்ளுகிற பக்கமெல்லாம் குமிழ் போயிற்று.

அதைக் கம்ப்யூட்டரில் மாட்ட முடிந்தால் மவுசே வேண்டாம் என்றாள். அதற்கு அடாப்டர் என்று ஒன்று கிடைக்கும் என்று எங்கோ கேள்விப்பட்டிருக்கிறாள். அடுத்த நாள் சாயங்காலமே இருவரும் பஸ் ஏறி டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். எனக்குக் கடைக்குள் நுழையவே கூச்சம். வாசலை ஒட்டி நின்றுகொண்டேன்.

கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "கேம் ஆடறதுக்குங்களா? ஊட்டுல கொழந்தைங்க எத்தனைங்கம்மிணி?" என்றார்.

"எனக்குத்தான் அண்ணே. வேலைக்கு."

சொல்லிவிட்டுக் கையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். தீப்பெட்டி அளவில் ஒரு டப்பா எடுத்தார். ஒரு பக்கம் ரிமோட்டைச் செருகுகிற அகலமான வாய், மறுபக்கம் ஒயர், ஒயரின் நுனியில் கம்ப்யூட்டரில் செருகுகிற பட்டையான முனை. மருமகள் கொண்டுபோன ரிமோட்டைத் தன் கடைக் கம்ப்யூட்டரிலேயே மாட்டிக் காட்டினார். குமிழைத் தள்ளினால் திரையில் அம்பு நகர்வதற்கு ஒரு சின்ன புரோகிராம் போட வேண்டும் என்று அதையும் சிடியில் ஏற்றிக் கொடுத்தார். முக்கியமாக ஒன்று சொன்னார். ரிமோட்டின் நடுவில் ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அமுக்கி அங்கே சிவப்பு விளக்கு எரிந்தால்தான் குமிழுக்கு உயிர் வரும், கரண்ட் போய் வந்தால் மறுபடியும் அமுக்க வேண்டும் என்றார்.

அவ்வளவு ஆசையாகப் பட்டறைக்குக் கொண்டுபோனாள். மேஜைமேல் வைத்த உடனேயே முதலாளி பார்த்துவிட்டார். இவளுக்கு முன்னால் அந்த வேலையில் இருந்த டிசைனர் கேம் சிடி போட்டுக் கம்ப்யூட்டரையே கெடுத்து வைத்தவன். அதில் ஒரு கம்பெனி வேலை கைவிட்டுப் போயிருந்தது. அன்றிலிருந்து அந்த அறைக்குள் கேம் என்ற பேச்சே எடுக்கக் கூடாது. இவள் விவரம் சொல்ல வாயெடுக்குமுன், "இது மட்டும் இங்க வேண்டாங் கண்ணு, தப்பா நெனச்சுக்காதீங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மரியாதையாகச் சொன்னதை எதிர்த்துப் பேச அவளுக்கு வரவில்லை. மேஜையில் பிரிண்ட் அடிக்கிறவர்களுக்கு அதுவே வேடிக்கையாகிவிட்டது. மாமியாரும் மருமகளும் சேர்ந்து கேம் கடை வைக்கப் போகிறார்களாம், திறப்பு விழாவுக்கு எங்களைக் கூப்பிடுங்கள் என்றார்கள்.

எங்கள் தெரு முனையில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. அங்கே வைத்துப் பழகினாள். வேலை விட்டதும் போவோம், நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வேன். இடது கை கீபோர்டில், ரிமோட் மடியில், கட்டை விரல் குமிழில். முதலில் அம்பு எலி மாதிரிக் கண்டபடி ஓடியது. அது ஓடும் வேகத்தைக் குறைக்க ஒரு வழி கண்டுபிடித்தாள். அதன் பிறகு ஒரு கோடு நேராக வந்தது, பிறகு ஒரு வட்டம், பிறகு ஒரு பூ. மவுசை அமுக்குகிற வேலையைக் கீபோர்டில் ஒரு பொத்தானுக்கு மாற்றிக்கொண்டாள். எனக்கு ஒன்றும் புரியாது. கோடு நெளியவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

இப்படியே ஆயுத பூஜை வந்துவிட்டது. அதை விட்டால் தீபாவளிதான்.

பூஜையன்று பட்டறையைக் கழுவி, மெஷினைத் துடைத்து, வாழைக்கன்று கட்டினோம். வயதில் மூத்தவள் என்று முதலாளி சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் என் கையில் கொடுத்து, வேலை செய்கிற சாமான் ஒன்று விடாமல் பொட்டு வைத்துவிட்டு வாருங்கள் என்றார். சூடு மெஷினுக்கு வைத்தேன், பிரிண்ட் அடிக்கிற பிரேமுக்கு வைத்தேன், கலர் டப்பாவுக்கும் கத்தரிக்கும் வைத்தேன். கண்ணாடி அறைக்குள் போய்க் கம்ப்யூட்டருக்கு வைத்தேன், கீபோர்டுக்கு வைத்தேன், மவுசுக்கு வைத்தேன். நாற்காலியில் மருமகளின் பை தொங்கியது. ரிமோட் அதற்குள் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

எங்கிருந்து வந்தது அந்தத் தைரியம் என்று இன்றைக்கும் தெரியவில்லை. பையிலிருந்து எடுத்து மவுசுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"வேண்டாம் அத்தை, ஏசப் போறாரு" என்றாள் அவள்.

அதற்குள் விரல் சந்தனத்தில் போய்விட்டது. நடுவில் நெற்றி மாதிரி ஓர் இடம் தெரிந்தது. அங்கே சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தேன்.

முதலாளி கற்பூரத் தட்டோடு வந்தார். பின்னால் பட்டறையே நின்றது. அவர் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, கேமுக்குமா பூசை?"

பின்னால் சிரித்தார்கள். அத்தனை வருசத்தில் அவரிடம் "சரிங்க" தவிர வேறு பேசியதில்லை.

"வேலை செய்யற சாமானுக்கெல்லாம் வெக்கச் சொன்னீங்க. இதுவும் வேலை செய்யுமுங்க. ஒருக்கா பாருங்க."

சத்தம் வந்ததா என்றுகூடத் தெரியவில்லை. அவர் மருமகளின் கையைப் பார்த்தார். பிறகு தட்டைக் கம்ப்யூட்டருக்குச் சுற்றி, கீபோர்டுக்குச் சுற்றி, ரிமோட்டுக்கும் ஒரு சுற்றுச் சுற்றினார். பொட்டு வைத்த சாமானை அன்றைக்குத் தொடக் கூடாது. நாளைக்குப் பூஜை முடித்துப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் பொரி எடுத்துக் கொடுத்தார்.

அன்று ராத்திரி அவள் வெறும் கையை மடியில் வைத்துக்கொண்டு கட்டை விரலை மட்டும் அசைத்து அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பூஜை முடிந்ததும் அவரே கண்ணாடி அறைக்குள் வந்து நின்றார். குழந்தைச் சட்டைக்கு ஒரு யானைப் படம், மூன்று கலர். இதை வரையுங்கள் என்று கொடுத்தார். மருமகள் சிடியில் இருந்த புரோகிராமைப் போட்டு, ரிமோட்டை மாட்டினாள். குமிழைத் தள்ளினாள். அம்பு அசையவில்லை. இன்னொரு முறை தள்ளினாள். நான் கதவுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ரிமோட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். அப்புறம் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் பொட்டு வைத்த இடம் அந்த விளக்குப் பொத்தான்தான். சந்தனம் காய்ந்து அதை அப்படியே கெட்டியாகப் பிடித்திருந்தது.

கழிவுத் துணியில் ஒரு துண்டை எடுத்துப் பதமாகத் துடைத்தாள். அமுக்கினாள். விளக்கு எரிந்தது. அம்பு கிளம்பியது.

மெதுவாகத்தான் வரைந்தாள். முதலாளி போவார், வருவார், நிற்பார். மத்தியானத்துக்குள் யானை வந்துவிட்டது. மூன்று பிலிமையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"கண்ணு இருக்க வேண்டிய எடத்துலதான் இருக்குது" என்றார்.

பிறகு வெளியே வந்து குன்னத்தூருக்குப் போன் போட்டார். இடம் காலி இல்லீங்க என்று அவர் சொன்னது, மெஷின் சத்தத்தையும் தாண்டி எனக்குக் கேட்டது. நான் பீஸ் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அந்த ரிமோட் தேய்ந்து வேறு மாற்றிவிட்டாள், அடாப்டரும் மாற்றியாயிற்று. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பொட்டு உண்டு, ஆனால் ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டாள். அந்தப் பொத்தானுக்கு ஏதோ பேர் சொல்வாள், எனக்கு வாயில் வரவில்லை. யானை மூன்று கலர்தானா, நாலா? விளக்கு சிவப்புதானா, அல்லது குங்குமத்தை நினைத்து எனக்குச் சிவப்பாகத் தெரிகிறதா? மருமகள் இதைப் படித்து எது தப்போ அதைத் திருத்திவிட வேண்டும். அவளுக்கு நேரமில்லை என்றால் விவரம் தெரிந்த வேறு யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.