எந்த எண்ணாக இருந்தாலும் போதும்

அந்த மருத்துவமனையின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்கிறவளுக்குக் கை வேகம். மேலாளர் சொல்லி வாயை மூடுவதற்குள் வேலையை முடித்துக் காட்டிவிடுவாள். கெட்டிக்காரிதான், யார் இல்லையென்றது? அந்த வேகம்தான் வினையாகப் போனது.

"பாஸ்வேர்டு மறந்துபோச்சுன்னு பெரியவங்க போன் மேல போன் போடுறாங்கம்மா. ஈமெயில் கேட்டா அதுவும் மறந்துபோச்சாம். ஏதாவது பண்ணு," என்றார் மேலாளர்.

மூல நிரலைத் தொடாமல், அது ஓடும் வழியில் நம்முடைய நாலு வரியை மாட்டிவிட இடம் உண்டு; கொக்கி என்பார்கள். பாஸ்வேர்டு மீட்கும் படிவத்தில் அப்படி ஒன்றை மாட்டினாள். இனி ஈமெயில் வேண்டாம். நோயாளியின் பதிவில் உள்ள எந்த போன் எண்ணைக் கொடுத்தாலும், புதிய பாஸ்வேர்டு வைக்கும் இணைப்பு அந்த எண்ணுக்கே போகும். அப்பாவின் கணக்கில் தன் எண்ணைப் போட்டுப் பார்த்தாள். வேலை செய்தது. மேலாளருக்கு வாயெல்லாம் பல்.

மறுநாள் காலை பத்தேகாலுக்கு, யார் யார் பயன்படுத்தினார்கள் என்று சாவகாசமாகப் பார்த்தாள். ஏழாவது வரியில் தங்கையின் கணக்கு. அடிபட்ட கண்ணோடு புருஷனிடமிருந்து ஓடிவந்த தங்கைக்கு, வீடு பார்த்ததும் சிம் மாற்றியதும் இவள்தான். இந்த மருத்துவமனைப் பதிவில் மட்டும், கல்யாணமான புதிதில் இவளே பதிந்துகொடுத்த அவன் எண் அப்படியே கிடந்தது. பாவி, அதை எப்படி மறந்தாள்!

ஒரு மாதமாக அவன் முயன்றுகொண்டிருந்திருக்கிறான். ஈமெயில் தெரியாமல் இருபத்துமூன்று தோல்வி. இன்று எட்டரைக்கு உள்ளே நுழைந்துவிட்டான். திறந்தது ஒரே பக்கம்: இன்றைய சந்திப்பு, பத்து மணி, இரண்டாம் மாடி, கண் பிரிவு.

முதலில் கொக்கியைக் கழற்றினாள். பழக்கதோஷம்! அதில் ஒரு நிமிடம் போனது. பிறகுதான் போனை எடுத்தாள்.

"எங்கடி இருக்க?"

"ஆஸ்பத்திரியிலதான்க்கா. கண்ணுல மருந்து விட்டிருக்காங்க, மூடிக்கிட்டே இருக்கணுமாம்."

"உடனே நர்ஸைக் கூப்பிடு. அவன் அங்க வந்திருப்பான்டி!"

மறுமுனையில் ஒரு கதவு மூடும் சத்தம்.

"அக்கா..." தங்கையின் குரல் இறங்கியது. "டாக்டர் கூப்பிடுறார்னு நினைச்சேன். ஒருத்தர் என் கையைப் புடிச்சு லிஃப்ட்டுக்குள்ள கூட்டிட்டு வந்துட்டார். இதுவரைக்கும் ஒரு வார்த்தைகூடப் பேசல."