வெயிலில் வைத்த செவ்வந்திக்கல்

எம். புதுப்பட்டி பஸ் நிறுத்தத்தில் இறங்கி யாரைக் கேட்டாலும் பொன்மணி கடையைக் கை காட்டுவார்கள். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ரிப்பன், பொட்டு, ஹேர்பின், கண்ணாடி வளையல் எல்லாம் தொங்கும். ஆனால் பொன்மணிக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அமெதிஸ்ட் என்கிற செவ்வந்திக்கல் பிரேஸ்லெட்தான். கத்தரிப்பூ நிறத்தில் உருண்டை உருண்டையான கற்கள். அவற்றைக் காங்கேயம் வரை பஸ் ஏறிப் போய்ப் பொறுக்கி எடுத்துவந்து, தன் கையாலேயே நூலில் கோர்ப்பாள்.

ராசிக்கல் மோகம் தலைவிரித்து ஆடிய காலம் அது. காலையில் டி.வி.யைப் போட்டால் போதும், சனி பகவானையே ஒரு கல்லில் கட்டிப்போட்டுவிடலாம் என்று யாராவது ஒருவர் விரலை ஆட்டிக்கொண்டிருப்பார். பொன்மணி அந்த வித்தையெல்லாம் காட்டவில்லை.

"இதப் போட்டா சனி போயிருமா பொன்மணி?" என்று கேட்டால், "சனி போறது வாறது எனக்குத் தெரியாது. கை அழகா இருக்கும். அதுக்கு நான் பொறுப்பு" என்பாள். வியாபாரத்துக்கு இப்படி வாய் உதவாது என்று அவள் புருஷன் ஊர்க்காவலன் தலையில் அடித்துக்கொள்வான். இருந்தாலும் வியாபாரம் நடந்தது.

கல் பொறுக்குவதில் அவளுக்கு அவசரமே கிடையாது. ஒவ்வொன்றையும் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். கண்ணாடி என்றால் சீக்கிரம் சூடேறிவிடும், கல் கொஞ்ச நேரம் குளிர்ந்தே இருக்கும். பிறகு வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பாள். எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஒரே நிறத்தில் இருந்தால் தள்ளிவிடுவாள். ஓரிடத்தில் அடர்ந்து ஓரிடத்தில் மெலிந்து, உள்ளே புகை ஓடினாற்போல் இருந்தால் எடுத்துக்கொள்வாள். துளையைச் சுற்றிச் சாயம் தேங்கியிருக்கிறதா என்று கடைசியாக ஒரு பார்வை. கல் விற்பவர்கள் அவளைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். ஆனால் டீ வாங்கிக் கொடுக்காமல் அனுப்ப மாட்டார்கள்.

விற்கும்போது அவள் படுத்தும் பாடு அதைவிடப் பெரிது. மணிக்கட்டுக்கும் சரத்துக்கும் நடுவே ஒரு விரல் நுழைகிறதா என்று பார்ப்பாள். பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்த சின்னப் பை ஒன்றைச் சும்மா கொடுப்பாள். அதோடு ஒரு பிரசங்கமும் உண்டு. பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள் வெடிக் கம்பெனி வாசலை மிதிக்கும் முன் கழற்றிவிட வேண்டும், ஏனென்றால் வெடிமருந்து இருக்கிற இடத்தில் கல்லும் கல்லும் உரசக் கூடாது. தலைக்கு எண்ணெய் தேய்த்த கையோடு போடக் கூடாது. அழுக்கானால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசி, துணியில் ஒற்றி, நிழலில் உலர்த்த வேண்டும். வெயில் மட்டும் ஆகவே ஆகாது.

எல்லாரும் தலையை ஆட்டுவார்கள். சின்னத்தாயும் அப்படித்தான் தலையை ஆட்டி வாங்கிப் போனாள். மகள் பானுப்பிரியாவின் நிச்சயதார்த்தத்துக்காக வாங்கியது. சம்பந்தியம்மாள் அதைத் தொட்டுப் பார்த்து, மஞ்சள் குங்குமம் வைத்துத் தன் கையாலேயே பெண்ணுக்குப் போட்டுவிட்டாள். கல்யாணத்தன்றும் அதே கையில் அதே சரம் இருக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். ஆவணியில் கல்யாணம்.

சின்னத்தாய் கம்பெனியில் வெடி காயப்போடுகிறவள். வெயில் அடித்தால் சம்பளம், மேகம் மூடினால் பட்டினி. வெயிலைக் குறை சொல்கிற வாயை அந்தச் சுற்றுவட்டாரத்தில் எங்கேயும் பார்க்க முடியாது. அப்படிப்பட்டவளிடம் போய் வெயில் ஆகாது என்றால் ஏறுமா? நிழலில் உலர்த்துவது சோம்பேறி வேலை என்று நினைத்தாள். மகள் கல்யாணச் சரம் பூசணம் பிடிக்கக் கூடாது, பளபளவென்று இருக்க வேண்டும் என்ற ஆசையில், மாசியும் பங்குனியும் அதை மொட்டை மாடியில் வெள்ளைத் துணி விரித்து வற்றல் காயப்போடுவதுபோல் காயப்போட்டாள்.

சித்திரை பிறந்த கையோடு, பஸ்ஸுக்கு ஊரே கூடி நிற்கிற நேரமாகப் பார்த்து வந்து கடை முன்னால் சரத்தை வீசினாள்.

"ஏய் பொன்மணி! கண்ணாடிக்குச் சாயம் பூசி விக்கியே, நீ நல்லா இருப்பியா? எம் மக கல்யாணத்துக்கு வச்சதுடீ இது! சம்பந்தி வீட்டுல நாங்க கல்லை மாத்திட்டோம்னுல்ல சொல்லுவாக? நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்?"

பொன்மணி எடுத்துப் பார்த்தாள். அரிசி களைந்த தண்ணீர்போல் வெளுத்துக் கிடந்தது. கன்னத்தில் வைத்தாள். குளிர்ந்தது. அவள் பொறுக்கிய கல்லேதான்.

"வெயில்ல வச்சீகளா மதினி?"

"வெயில்ல வச்சா என்ன? வெயில்ல வெளுக்கது சாயந்தான். கல்லு எங்கயாவது வெளுக்குமா?" என்று சின்னத்தாய் சரத்தைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டாள்.

கூடி நின்றவர்கள் அதைக் கேட்டுத் தலையசைத்தார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தானே இருக்கிறது? ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அந்த வாரத்திலேயே, மற்றவர்கள் வாங்கிப் போயிருந்த சரங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வர ஆரம்பித்தன. கொண்டுவந்தவர்கள் அவள் முகத்தைப் பார்க்காமல் வைத்துவிட்டுப் போனார்கள். அதுதான் பொன்மணிக்குத் தாங்கவில்லை. கடை போனால் தீப்பெட்டி ஒட்டியாவது பிழைத்துக்கொள்வாள். கள்ளி என்ற பேரோடு இந்த ஊரில் எப்படி நடமாடுவது?

ஊர்க்காவலன் யோசனை சொன்னான். "கடையில கெடக்க சரத்துல ஒண்ண வெயில்ல வச்சுக் காட்டிரு. கல்லு வெளுக்கும்னு தெரிஞ்சு போகும்ல?"

"இதுக்குன்னே சாயக்கல்லு ஒண்ணு வாங்கியாந்துட்டான்னு சொல்லுவாக. என் கையில கெடக்கதத்தான் வைக்கணும். அது வெளுக்காத கல்லுன்னு ஊரே பாத்திருக்கு."

ஊர்க்காவலன் அவள் மணிக்கட்டைப் பார்த்தான். அவள் கையில் கிடந்தது, முதன்முதலாகக் காங்கேயம் போனபோது பொறுக்கிய கற்கள். அந்த மாதிரி அடர்ந்த நிறம் பிறகு அவளுக்குக் கிடைக்கவே இல்லை. எத்தனையோ பேர் கேட்டும் கொடுக்காதது. ராத்திரி படுக்கும்போது கழற்றிப் பையில் போட்டுத் தலைமாட்டில் வைத்துக்கொள்வாள். அவன் அதைச் சக்களத்தி என்று கேலி செய்வான்.

மறுநாள் அந்தச் சரத்தில் பாதிக் கற்களைக் கறுப்புத் துணியால் இறுகச் சுற்றித் தைத்தாள். பாதியைத் திறந்து விட்டாள். எடுத்துக்கொண்டு நேரே சின்னத்தாய் வீட்டுக்கே போனாள்.

"மதினி, இது உங்க மாடியிலயே இருக்கட்டும். நீங்களே வைங்க, நீங்களே எடுங்க. வைகாசி கடைசியில ஊர் முன்னால தையலப் பிரிச்சுப் பாப்போம். ரெண்டு பாதியும் ஒண்ணு போல இருந்தா நான் கடையப் பூட்டிருதேன்."

பழி சொன்னவள் கையிலேயே தன் பொருளைக் கொடுத்துவிட்டு வருவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! சின்னத்தாய் அதை நிழலில் ஒளித்து வைத்து ஏமாற்றினாலும் கேட்க நாதியில்லை. மடியில் கனமில்லாதவளுக்கு வழியில் என்ன பயம் என்று நாம் சொல்லிவிடலாம். பொன்மணிக்குப் பயம் இருந்தது. வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு, ஆள் வராத கடையில் உட்கார்ந்திருந்தாள்.

அக்னி நட்சத்திரம் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு மத்தியானம். தெருவில் நாய்கூட இல்லை. சின்னத்தாய் வேகு வேகென்று ஓடிவந்தாள். காலில் செருப்பில்லை. தலையை மூட வேண்டிய முந்தானையைச் சுருட்டி நெஞ்சோடு அணைத்திருந்தாள். கடை நிழலுக்குள் வந்த பிறகுதான் முந்தானையைப் பிரித்தாள். உள்ளே சரம் இருந்தது. தையலை அவளே பிரித்திருந்தாள். மூடியிருந்த பாதி கத்தரிப்பூ. திறந்திருந்த பாதி வெளுத்துப் போயிருந்தது.

"வைகாசி வரைக்கும் பாத்துக்கிட்டு இருக்க என்னால முடியலத்தா. அன்னாடம் கொஞ்சம் கொஞ்சமாச் செத்துச்சு. நான் பாவி, நல்ல கல்லக் கொன்னுட்டேன், உன் பேரையும் கொன்னுட்டேன்." அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

பொன்மணிக்கும் கண் நிறைந்துவிட்டது. முதலில் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். "அந்தப் புள்ள சரத்தையும் கொண்டாங்க மதினி" என்றாள்.

சின்னத்தாய் சும்மா இருக்கவில்லை. பழியைச் சொன்ன அதே வாயால், அதே பஸ் நிறுத்தத்தில் நின்று, போகிற வருகிறவர்களிடமெல்லாம் பாதிப் பாதியாக இருந்த சரத்தைத் தூக்கிக் காட்டினாள். சரத்தைத் திருப்பிக் கொடுத்தவர்கள் அசடு வழிய வந்து கேட்டு வாங்கிப் போனார்கள். பொன்மணி ஒருத்தியையும் குத்திப் பேசவில்லை. பிரசங்கத்தை மட்டும் முதலிலிருந்து முழுசாகச் சொல்லி அனுப்பினாள்.

பிறகு இரண்டு சரங்களையும் அறுத்தாள். சம்பந்தியம்மாள் கை பட்ட வெளுத்த கல் ஒன்று, தன் கையில் கிடந்த அடர்ந்த கல் ஒன்று என்று மாற்றி மாற்றிப் பானுப்பிரியாவுக்குக் கோர்த்தாள். மிஞ்சிய வெளுத்த கற்களைத் தனக்கு வைத்துக்கொண்டாள்.

"கடைக்கல்லு இம்புட்டு கெடக்கே, அதுல கோர்க்கலாம்ல?" என்றான் ஊர்க்காவலன்.

"அது யார் கையிலயும் கெடக்காத கல்லு. அந்தப் புள்ளைக்கு நான் சீர் செய்யணும்னா என் கையில இருந்துதான செய்யணும்?"

ஆவணியில் கல்யாணம் நடந்தது. கல்லை மாற்றிவிட்டதாக யாரும் குறை சொல்லவில்லை; அந்த மாதிரிச் சரம் எங்கே கிடைக்கும் என்றுதான் சம்பந்தி வீட்டுப் பெண்கள் விசாரித்தார்கள். போட்டோ எடுக்க வந்தவர், "மண்டபத்துக்குள்ள வெளிச்சம் பத்தலம்மா, வெளிய வந்து கைய வெயில்ல நீட்டுங்க" என்று பானுப்பிரியாவிடம் சொன்னதுதான் தாமதம். பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த சின்னத்தாய் சாம்பார் வாளியோடு ஓடிவந்தாள்.

"ஏளா, வெயில்ல நீட்டாத! கைய உள்ள இழு!"

எல்லாரும் சிரித்தார்கள். பொன்மணிதான் எழுந்து போய், வெளுத்த சரம் போட்ட தன் கையைப் பானுப்பிரியாவின் கையோடு சேர்த்து வெயிலில் நீட்டினாள்.

"ஒரு போட்டாவுக்கு ஒண்ணும் ஆகாது மதினி," என்றாள். "நான் பக்கத்துலதான இருக்கேன்."