எதிர் கம்பெனி எத்தனை?

அம்பத்தூரில் நான் வேலை பார்க்கும் செல்போன் கடையில், சாயங்காலம் ஆறு மணியானதும் எதிர் கவுண்டர் அக்கா தன் போனை எடுத்துக்கொண்டு என் பக்கம் சாய்வார். "இன்னிக்கு உன்து எத்தினிம்மா?" என் எண்ணை நான் சொல்வேன். தன் எண்ணை அவர் சொல்வார். பிறகு இருவரும் அவரவர் போனில் குனிந்து தட்டுவோம். பார்ப்பவர்களுக்குத் தோழிகள் போலத்தான் தெரிந்திருப்போம். உண்மையில் ஒருவரையொருவர் வேவு பார்த்துக்கொண்டிருந்தோம், அதையும் சேர்ந்தே செய்துகொண்டிருந்தோம்.

நாங்கள் இருவருமே அந்தக் கடையின் ஆட்கள் இல்லை. எனக்குச் சம்பளம் ஒரு செல்போன் கம்பெனி கொடுத்தது, அக்காவுக்கு அதன் போட்டிக் கம்பெனி. எனக்கு நீலச் சட்டை, அவருக்குப் பச்சை. நடுவில் ஒரே கண்ணாடி மேசை. உள்ளே வருபவர் காதில் யார் குரல் முதலில் விழுகிறதோ, பெரும்பாலும் அவர் பக்கம்தான் போவார். "வா நைனா, இன்னா போன் பாக்குற?" என்று அக்கா வாசலிலேயே பிடித்துவிடுவார். பி.காம். படித்த நான் "வணக்கம் சார்" என்று வாயைத் திறக்கும்போது ஆள் பச்சைப் பக்கம் நின்றிருப்பார். "யம்மா, உன் வணக்கம் வந்து சேர்றதுக்குள்ள அவரு போன் வாங்கி, அத்த பழசாவே ஆக்கிட்டாரு" என்று அக்கா கிண்டல் செய்வார். எனக்குச் சிரிப்பும் வரும், மாத டார்கெட்டின் நினைப்பும் வரும்.

தினமும் கம்பெனிக்கு இரண்டு எண்கள் அனுப்ப வேண்டும். நாம் விற்றது எத்தனை, எதிர் கம்பெனி விற்றது எத்தனை. அக்கா சொல்லும் எண் எப்போதும் உண்மையாக இருந்தது. அவர் பக்கம் காலியாகும் பெட்டிகளே சாட்சி. மாற்றி எழுதியது நான்தான். அப்போது என் மகளுக்கு எட்டு மாதம். பக்கத்தில் கள்ளிக்குப்பத்தில் மாமியாரிடம் விட்டுவிட்டு வருவேன். அவள் புட்டிப்பால் குடிக்கவே மாட்டாள். மதியம் ஷேர் ஆட்டோ பிடித்து ஓடி, பால் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரத்துக்குள் திரும்பிவிடுவேன். அந்தக் கடையில் இருந்தால்தான் அது முடியும். என் விற்பனையோ மாதா மாதம் டார்கெட்டைத் தொடாமல் நின்றது. அக்கா ஏழு என்று சொன்ன ஒரு நாள், நான் மூன்று விற்றிருந்தேன். எதிர் கம்பெனியும் மூன்று என்று தட்டி அனுப்பிவிட்டேன். சமமாக இருந்தால் திட்ட மாட்டார்கள் என்று நினைத்தேன். யாரும் திட்டவில்லை. மறுநாளும் அப்படியே செய்தேன். அதுவே பழக்கமாகிவிட்டது.

ஒரு மாதம் கழித்து ஏரியா மேனேஜர் கூப்பிட்டார். "எதிர் பிராண்டே அங்க மூணுதான் ஓடுதுன்னா அது செத்த கடைம்மா. அங்க எதுக்கு ஆளு? பூந்தமல்லியில நம்மள அடிச்சுக்கிட்டு இருக்காங்க. ஒண்ணாம் தேதியிலருந்து அங்க போயிடுங்க." நான் "சரி சார்" என்றேன். பூந்தமல்லியிலிருந்து மதியம் வீட்டுக்கு வந்து திரும்ப முடியாது என்பதைக்கூடச் சொல்லவில்லை. மூன்று நாள், மகள் பால் குடிக்கும்போது அவள் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தேன். நான்காம் நாள் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "படிச்ச புள்ளையா நீ? நான் இன்னா பண்றேன் தெரியுமா? நீ மூணு வித்தா அஞ்சுன்னு போடுவேன். உன்னப் பாத்து அவனுங்க பயந்தாதானே என்ன இங்க வச்சிருப்பானுங்க?" பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இன்னிக்கு என்து எட்டு. அத்த அப்டியே போடு" என்றார்.

போட்டேன். உடனே மேனேஜரிடமிருந்து போன் வந்தது. "நேத்து மூணு, இன்னிக்கு எட்டா? சனிக்கிழமை நானே வந்து பாக்குறேன்."

சனிக்கிழமை காலையிலேயே மேனேஜர் வந்து, கவர் மாட்டியிருக்கும் ஸ்டாண்டு அருகில் வாடிக்கையாளர் போல நின்றுகொண்டார். அவர் யாரென்று அக்காவுக்குக் கண்ணாலேயே காட்டினேன். அன்று அக்கா விற்றதைப் போல யாரும் விற்று நான் பார்த்ததில்லை. ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். நேராக என்னிடம் வந்து என் கம்பெனி போனைத்தான் கேட்டார்கள். அக்கா என்னைப் பார்த்தார். நான் பேச வேண்டிய நேரம் அது. பெட்டிகளை நேராக அடுக்குவதுபோல் குனிந்துகொண்டேன். "அதுவே வாங்குங்கண்ணா, தப்பில்ல. ஒரு தபா இத்த கையில புடிச்சுப் பாருங்க. அண்ணிய ஒரு போட்டோ எடுங்க, அப்பறம் சொல்லுங்க" என்றார் அக்கா. அந்த அம்மா வெட்கத்தோடு சிரித்தார். பச்சைப் பெட்டியோடு வெளியே போனார்கள். "இன்னாம்மா நீலம், தூங்கினு கீறியா?" என்று அக்கா சத்தமாகக் கேட்டார். மேனேஜர் காதில் விழத்தான் கேட்டிருக்க வேண்டும். பன்னிரண்டரைக்குள் அவருக்கு ஆறு, எனக்கு ஒன்று. பால் கொடுக்கும் நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. பால் கசிந்து சட்டை நனைவது தெரிந்து துப்பட்டாவை இழுத்து விட்டுக்கொண்டு நின்றேன். எனக்கு எதிராக அக்கா ஜெயிக்க வேண்டும் என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"இவங்களையா மூணுன்னு போட்டீங்க?" என்று மேனேஜர் கேட்டார். "நடுவுல கொஞ்சம் டல்லா இருந்துச்சு சார்" என்று இன்னொரு பொய் சொன்னேன். அவர் அக்காவின் பச்சைப் பெட்டிகளைப் பார்த்தார். "நீங்க இங்கயே இருங்க. இந்தக் கடைக்கு மட்டும் திங்கக்கிழமையிலருந்து நம்ம போனுக்கு இயர்போன் இலவசம். இவங்கள இங்க தலை தூக்க விடக் கூடாது." முதல் வாக்கியம் மட்டும்தான் எனக்குக் கேட்டது. ஆட்டோவைத் தேடி ஓடினேன்.

இலவசம் வந்த பிறகு, நான் வணக்கம் சொல்லும் முன்பே ஆட்கள் என் பக்கம் வந்தார்கள். சாயங்காலங்களில் அக்காவின் எண் எட்டிலிருந்து ஐந்தானது, பிறகு இரண்டானது. ஒருநாளும் அவர் கூட்டிச் சொல்லவில்லை. அவருடைய கம்பெனியோ, அவர் ஏற்றி அனுப்பிய என் எண்களை ஏற்கெனவே நெடுநாளாகப் பார்த்துவந்திருந்தது. இங்கே இனி முடியாது என்று முடிவு செய்து, திருவள்ளூருக்கும் அப்பால் ஒரு கடைக்கு அவரை மாற்றியது. அவர் வீடோ ஆவடி அருகே பருத்திப்பட்டில். "பயந்தா ஆளு வப்பானுங்கன்னு நெனச்சேன். ரொம்ப பயந்தா ஓடிப்போவானுங்கன்னு தோணல பாரு" என்று சொல்லி அதற்கும் சிரித்தார்.

மகளுக்கு இப்போது நான்கு வயது. மதியம் பள்ளியிலேயே சாப்பிட்டுவிடுகிறாள். நான் அதே கவுண்டரில் டிபன் பாக்ஸைத் திறக்கிறேன். அக்கா இங்கே வேலை பார்த்த கடைசி நாளில், பன்னிரண்டு மணிக்குக் கைப்பையை எடுத்துக்கொண்டு அவர் முன் நின்றேன். மேனேஜரிடம் அப்போதே உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த இலவசம் வந்திருக்காதோ என்று நினைத்து நினைத்துக் களைத்திருந்தேன். "அக்கா, அந்த சனிக்கிழமை எனக்காகத்தானே அப்படி வித்தீங்க?" என்று கேட்டேன். அவர் டெமோ போன்களின் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"உனக்காகன்னு யாரு சொன்னா? என் டார்கெட்டுக்கு வித்தேன். புள்ள அழுதுகினு கெடக்கும், போ."

போனேன். திரும்பி வந்தபோது மேசையின் அந்தப் பாதி துடைத்து வைக்கப்பட்டிருந்தது.