ஈக்கோவின் மேல் ஒட்டிய சிவப்பு டேப்

செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் வாஷிங் மெசின் சர்வீஸ் இன்ஜினியராக இருந்த காலம் முழுக்க, ஒரு வீட்டில் புது ஃப்ரண்ட் லோடு மெசினை மாட்டி முடித்ததும், டயலில் ‘ஈக்கோ’ என்று எழுதியிருக்கும் இடத்தின் மேல் சிவப்பு இன்சுலேஷன் டேப்பில் ஒரு துண்டு கிழித்து ஒட்டிவிட்டு வருவேன். “இதை மட்டும் தொட வேண்டாங்க, நம்மூருக்கு ஆகாது” என்று சொல்வேன்.

அது பொய். அன்றாடத் துணிக்கு அந்த மெசினில் அதைவிட நல்ல புரோகிராம் கிடையாது. தெரியாமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது. எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங் படித்தவன். கம்பெனி ட்ரெயினிங்கில் ஈக்கோ பற்றி வகுப்பெடுத்தவனே நான்தான்.

ஏன் ஒட்டினேன்

ஈக்கோவில் போட்டால் டிஸ்ப்ளே மூன்று மணி நேரத்துக்கு மேல் காட்டும். மெசின் கொஞ்சம் சுற்றும், சும்மா நிற்கும், மறுபடி சுற்றும். கெட்டுப்போய்விட்டது என்று வீட்டுக்காரர்கள் போன் போடுவார்கள். இந்த ஒரு புகாருக்காக மேட்டுப்பாளையம் வரைக்கும் பைக்கில் போய், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கிறேன். மாட்டின கையோடு புகார் வந்தால் மாட்டினவன் தலையில்தான் விழும். எங்கள் மேனேஜர் எல்லார் முன்னாலும் கேட்பார்: “மாட்டறப்பவே வாயத் தொறந்து சொல்லிப்போட்டு வந்திருந்தா இந்த போன் கால் வருமாய்யா?”

அவர் கேட்டது நியாயம். ஆனால் உட்கார்ந்து புரியவைக்க நேரமாகும், டேப் ஒட்ட ஒரு நொடி போதும். எனக்கு அடுத்த வீட்டுக்குப் போகிற அவசரம்.

அன்று சொல்லாமல் விட்டதை இங்கே சொல்கிறேன். வாஷிங் மெசினில் கரண்டைத் தின்பது டிரம்மைச் சுற்றும் மோட்டார் இல்லை. டிரம்முக்கு அடியில் இருக்கும் ஹீட்டர்தான். காட்டன் அறுபது டிகிரி என்று போட்டால் அவ்வளவு தண்ணீரையும் அந்தச் சூட்டுக்குக் கொண்டுபோக ஹீட்டர் வெகு நேரம் எரிய வேண்டும். ஈக்கோ தண்ணீரைக் குறைவாக எடுக்கும், வெதுவெதுப்பாகச் சூடாக்கும், பிறகு ஹீட்டரை அணைத்துவிடும். சூட்டில் குறைத்ததை நேரத்தில் ஈடுகட்டும். சும்மா நிற்பதாக நாம் நினைக்கும் நேரத்தில் துணி சோப்பில் ஊறிக்கொண்டிருக்கிறது. அழுக்கை அந்த ஊறல்தான் எடுக்கிறது. சித்திரை வெயிலில் மாடித் தொட்டித் தண்ணீர் சூடாகவே குழாயில் வரும் நம் ஊரில், ஹீட்டருக்குப் பாதி வேலைகூட இருக்காது. நம்மூருக்கு ஆகாதாம்!

சிங்காநல்லூரில் மூன்று மெசின்

ரிட்டயர் ஆன பிறகு ஒரு நாள் காலையில் கவிதாமணி என்ற பெண் போன் செய்தார். சிங்காநல்லூரில் ஒரு வீட்டின் கீழ்தளத்தை வாடகைக்கு எடுத்து, வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் ஹாஸ்டல்களுக்குத் துணி துவைத்துக் கொடுக்கிறார். முதல் மெசினை மாட்டிக் கொடுத்தது நான். அதன் பின்புறம் எழுதியிருந்த என் நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார்.

மூன்று மெசின்களும் ஒன்றாக ஓடினால் மெயின் டிரிப் ஆகிவிடுகிறது, மாடியில் இருக்கும் ஹவுஸ் ஓனர் வீட்டிலும் எல்லாம் நின்றுவிடுகிறது என்றார். மேலே கீழே இரண்டுக்கும் ஒரே சிங்கிள் ஃபேஸ் லைன். த்ரீ ஃபேஸ் கேட்டு மின்வாரியத்துக்கு எழுதிக் கொடுக்க ஓனர் சம்மதிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் மெசின்களை எடுத்துவிட்டு இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டாராம். கணவர் இல்லாமல் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருப்பவருக்கு அந்த மூன்று மெசின்தான் எல்லாம்.

போனேன். ஓனர் தங்கவேலு கேட்டிலேயே நின்றிருந்தார். கெட்ட மனிதர் இல்லை, வெறுத்துப்போன மனிதர்.

“ஏனுங்க, நீங்கதான் இன்ஜினியருங்களா? நான் தலைக்குச் சோப்பு போட்டுட்டு நிப்பனுங்க, தண்ணி மோட்டாரும் கீசரும் ஒண்ணா நின்னுபோகும். கண்ணத் தொறக்கறதுக்கில்லை. ஒரு நாளா ரெண்டு நாளா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. கீழ்தளத்துக்குள் போனதும் நின்றுவிட்டது.

முதல் மெசினில் நான் ஒட்டின சிவப்பு டேப் அப்படியே இருந்தது, ஓரம்கூடப் பிரியாமல். பக்கத்தில் இருந்த மற்ற இரண்டும் அவர் பின்னால் பழையதாக வாங்கியவை. நான் தொட்டதே இல்லை. அவற்றின் டயலிலும் அதே இடத்தில் சிவப்பு டேப் இருந்தது.

இதை யார் ஒட்டியது என்று கேட்டேன்.

“நாந்தானுங்க சார். நீங்க அன்னைக்கு அத்தன தூரம் சொன்னீங்கல்ல, தொடவே கூடாதுன்னு. அதான் கடையில அதே மாதிரி டேப் வாங்கி ஒட்டிப்போட்டேனுங்க. வேலைக்கு வர்ற புள்ளைங்க தெரியாம திருப்பிட்டா என்னங் பண்றது?”

ஒரு நொடி வேலை என்று நான் ஒட்டியதை அவர் வேதவாக்காக எடுத்து, காசு கொடுத்து டேப் வாங்கி ஒட்டியிருக்கிறார். மூன்று மெசினும் இத்தனை நாள் காட்டன் அறுபதில் ஓடியிருக்கின்றன. ஒவ்வொரு ஹீட்டரும் ஒன்பது ஆம்பியர் இழுக்கும். மூன்று ஹீட்டரும் வெகு நேரம் ஒன்றாக எரிய, மேலே தங்கவேலு கீசரையும் போட்டால் மெயின் டிரிப் ஆகாமல் என்ன செய்யும்?

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நான் அன்றைக்குச் சொன்னது பொய்யம்மா, விளக்க நேரமில்லாமல் அப்படிச் சொல்லிவிட்டுப் போனேன் என்றேன். அவர் இன்னொரு நாற்காலியை இழுத்து எனக்கு எதிரில் போட்டார்.

“சரிங் சார். இப்பவாச்சும் நேரம் இருக்குதுங்களா?”

கிளாம்ப் மீட்டர்

இருந்தது. மூன்று டேப்பையும் நானே உரித்தேன். முதல் மெசினை ஈக்கோவில் போட்டு, ஒயரில் ஓடும் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டி அவர் கையில் கொடுத்தேன். தண்ணீர் ஏறியதும் மீட்டர் ஒன்பதுக்குத் தாவியது. கொஞ்ச நேரத்தில் உள்ளே ஹீட்டரை அணைக்கும் ரிலே டக் என்று விழுந்தது. மீட்டர் ஒன்றுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. இனி முடிகிற வரைக்கும் பெரும்பாலும் இவ்வளவுதான், நடுவில் ஒரு தடவை கொஞ்ச நேரம் ஹீட்டர் வந்தாலும் வரும் என்றேன்.

அவர் மீட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு நான் சொல்ல நினைத்திருந்ததை அவரே சொன்னார். “அப்ப இது இறங்கினதுக்கப்புறம் அடுத்ததைப் போட்டா, ரெண்டு ஹீட்டரும் ஒண்ணா வராதுங்களே சார்?”

அவ்வளவுதான் விஷயம். முதலாவது இறங்கிய பிறகு இரண்டாவது, இரண்டாவது இறங்கிய பிறகு மூன்றாவது. மூன்றும் சுற்றத் தொடங்கியதும் மாடிக்குக் குரல் கொடுத்து, கீசரையும் மோட்டாரையும் போடச் சொன்னேன். தங்கவேலு போட்டார். கவிதாமணி மெயின் பாக்ஸ் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, பரீட்சை ரிசல்ட் பார்க்கிறவர் போல நின்றிருந்தார். சுவிட்ச் விழவில்லை. மோட்டார் ஓடித் தொட்டி நிரம்பி வழிந்தது. அப்போதும் விழவில்லை.

தங்கவேலு இறங்கி வந்து மெசின் ஒவ்வொன்றின் மேலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். “ஓடுதுங்களா? சத்தமே காணமுங்க.” பிறகு அந்தம்மாவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்: “ஞாயித்துக்கிழமைன்னு சொன்னது, அது கெடக்குதுங் அம்மணி.”

மெசின்கள் முடிந்து பாட்டுப் பாடியபோது கவிதாமணி துண்டுகளை எடுத்து முகர்ந்து பார்த்தார். வெளிச்சத்தில் விரித்துக் கறை தேடினார். இல்லை. அன்று மாலை ஹாஸ்டல்களுக்குத் துணி நேரத்துக்குப் போனது.

உரித்த டேப்புகள்

அத்தோடு விட மனம் வரவில்லை. நினைவில் இருந்த வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போனேன். சில வீடுகளில் ஆள் மாறியிருந்தார்கள். ஈரோடு ரோட்டில் ஒரு வாத்தியார், எந்தப் பேச்சை நம்புவது, அன்றைக்குச் சொன்னதையா இன்றைக்குச் சொல்வதையா என்று கேட்டுக் கதவைச் சாத்தினார். அவர் கேட்டதில் தப்பில்லை. மற்றவர்கள் சிரித்துக்கொண்டே உரிக்க விட்டார்கள்.

இதிலும் ஒரு பாடம் படித்தேன். கவிதாமணியே கூப்பிட்டு, துணியில் லேசாக வாடை வருகிறது என்றார். அவசரத்தில் மறுபடி பாதி சொல்லிவிட்டு வந்திருந்தேன். எப்போதும் வெதுவெதுப்பிலேயே ஓட்டினால் டிரம்மிலும் வாசல் ரப்பரிலும் சோப்புப் பிசுக்கு தங்கும். மாதம் ஒரு முறை துணி போடாமல் சூட்டில் ஓட்ட வேண்டும், ரப்பரைத் துடைக்க வேண்டும், கதவைத் திறந்து வைக்க வேண்டும். உப்புத் தண்ணீர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். உடனே போய் முழுசாகச் சொன்னேன். வாடை போயிற்று. இப்போது அங்கே நான்காவது மெசினும் ஓடுகிறது, அதே லைனில்.

போன மாதம் தங்கவேலு போன் செய்தார். அவரும் ஒரு ஃப்ரண்ட் லோடு வாங்கிவிட்டாராம்.

“ஏனுங்க சார், ஈக்கோவுல போட்டு ரெண்டு மணி நேரமாச்சுங்க. சுத்துது, நிக்குது, சுத்துது. ரிப்பேருங்களா?”

போனிலேயே முடித்திருக்கலாம். பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். நாற்காலி போட்டார்கள், காப்பி வந்தது. அது ஏன் நிற்கிறது, உள்ளே என்ன நடக்கிறது என்று முதலிலிருந்து சொல்லிக்கொண்டே, மெசின் முடிந்து பாடுகிற வரைக்கும் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன்.