கேங்வேயில் ஒட்டிய பெயர்

1. கொழும்பிலிருந்து வந்த கட்டளை

திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் இருந்த ஒரு கப்பல் ஏஜென்சியின் கிளையில் இருபத்திரண்டு வருடம் டொக்கியுமெண்டேஷன் வேலை பார்த்தேன். துறைமுகத்துக்கு வருகிற கப்பலின் கப்டனுக்கு ஈமெயில் போட்டு, வேண்டிய கடதாசிகளை எடுத்து, சுங்கத்துக்கும் குடிவரவுக்கும் கொடுக்க வேண்டும். கப்பல்காரி என்று சொந்தக்காரர் பகிடி பண்ணுவார்கள். நான் கப்பலைப் பார்த்ததெல்லாம் ஓபிஸ் ஜன்னலால்தான்.

ஒருநாள் கொழும்புத் தலைமையகத்திலிருந்து கட்டளை வந்தது. எல்லோருடைய ஈமெயில் சிக்னேச்சரும் இனி ஒரே மாதிரி இருக்க வேண்டும். பெயர், பதவி, ஓபிஸ் நம்பர், லோகோ. சொந்த மொபைல் நம்பர் போடக்கூடாது, ஒருவரும் கைவைக்கவும் கூடாது. எனக்குக் கிடைத்தது ‘மிஸிஸ் பி. சிவராசா’. சிவராசா என் கணவர். புவனேஸ்வரியாகிய நான் அந்த ஒற்றை எழுத்துக்குள் ஒதுங்கிக்கொண்டேன். மெயிலின் அடியில் கிடப்பதை ஆர் வாசிக்கப் போகிறார்கள் என்று அதைப் பற்றி யோசிக்கவும் இல்லை.

2. பதினான்காவது வரி

கப்பல் வரும் முன்னர் கப்டன் க்ரூ லிஸ்ட், அதாவது கப்பலில் வேலை செய்கிறவர்களின் பட்டியல், அனுப்புவார். அதில் ஆள்தொகையும் பாஸ்போர்ட் நம்பரும் சரியா என்று பார்த்தால் போதும். நான் மட்டும் ஒவ்வொரு பெயராக மேலிருந்து கீழ்வரை வாசிப்பேன். அதற்குக் காரணம் என் தம்பி மகேந்திரன். அவன் கப்பலில் வேலை செய்கிறவன்.

அப்பா செத்தபோது அவனுடைய கப்பல் நடுக்கடலில் நின்றது. ஒரே ஆண்பிள்ளை அவன். கொள்ளி வைத்தது மாமாவின் மகன். நாற்பது நாள் கழித்து அவன் தோளில் பையோடு அன்புவழிபுரத்து வீட்டுப் படலையைத் திறந்தான். நான் வாசலில் நின்றேன்.

“கொள்ளி வைக்க வராதவன் இப்ப என்னத்துக்கு வாறாய்?”

அவன் பையைக் கீழே வைக்கவில்லை. “சரி அக்கா. இனி வரமாட்டன். என்னைத் தேடி ஆளும் விடாதேங்கோ” என்றான்.

அடுத்த வருடம்தான் எனக்கு இந்த வேலை கிடைத்தது. மெயில்களை வாசிக்க வாசிக்க விஷயம் விளங்கியது. கப்பலில் இருந்து ஒருவனை வீட்டுக்கு அனுப்புவதென்றால் அவனுக்குப் பதில் ஆள் வரவேண்டும், கப்பல் ஒரு துறைமுகத்தைத் தொடவேண்டும். தம்பி வர மனமில்லாமல் நின்றவன் இல்லை, வர ஏலாமல் நின்றவன். இது எனக்கு விளங்கும் முன்னரே அவன் நம்பரை மாற்றிவிட்டான். பிறகு எனக்குக் கல்யாணமானது, வீட்டை விற்றோம், வீட்டுப் போனும் போனது. அவனே மனம் மாறித் தேடினாலும் என்னைக் கண்டுபிடிக்க வழியில்லை. அந்த ஒரு சொல்லைத் திருப்பி எடுக்க முடிந்தால் என்று நினைக்காத நாள் இல்லை.

அவன் போய்ப் பதினோரு வருடத்துக்குப் பிறகு, கோதுமை ஏற்றி வந்த ஒரு கப்பலின் க்ரூ லிஸ்டில் பதினான்காவது வரி: கணபதிப்பிள்ளை மகேந்திரன், ஃபிட்டர், பிறந்த இடம் திருகோணமலை.

எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து இன்னொரு தரம் வாசித்தேன். பிறகு மனேஜர் நௌபரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கிண்ணியாக்காரர், என்னைவிட வயது குறைவு. சாதாரணமாக அக்கா என்பார், கோபம் வந்தால் மிஸிஸ் சிவராசா என்பார். தான் கப்பலுக்குப் போகத்தான் போவதாகவும், ஆளைக் கண்டு சொல்லிவிடுவதாகவும் சொன்னார். வேண்டாம் என்றேன். ஆள் விடாதே என்று கேட்டவன் அவன். அதையாவது நான் காப்பாற்ற வேண்டும். அவனாக வந்தால் வரட்டும். நான் இருக்கிற இடம் அவனுக்குத் தெரிந்தால் போதும்.

அதற்கு ஒரு வழி இருந்தது. கப்பலில் ஏறி இறங்குகிற படியைக் கேங்வே என்போம். ஏஜென்ட் அனுப்பிய மெயிலைக் கப்டன் பிரிண்ட் எடுத்து அந்த இடத்தில் ஒட்டிவிடுவார். கரைக்குப் போகிற ஆளுக்கு ஏதும் நடந்தால் ஆருக்குப் போன் எடுப்பது என்று தெரியவேண்டுமே. அதைத் தாண்டாமல் ஒருவரும் இறங்க ஏலாது. ஆனால் மிஸிஸ் பி. சிவராசாவை என் தம்பிக்குத் தெரியாது.

சிக்னேச்சரை மாற்ற அனுமதி கேட்டேன். மனேஜர் ஒத்துக்கொண்டார். “கொழும்பு கேட்டா நான் சொல்லிக்கிறன். நீங்க மாத்துங்க அக்கா.”

செட்டிங்ஸுக்குள் போய், லோகோவுக்கு மேல் கணபதிப்பிள்ளை புவனேஸ்வரி என்று அடித்தேன். கீழே என் பதவி, அதற்குக் கீழே என் மொபைல் நம்பர். கப்டனின் மெயிலுக்குப் பதிலாக ஏஜென்ட் விவரங்களை அனுப்பிவிட்டேன்.

3. ரிப்ளைக்கு வேறு பெட்டி

கப்பல் வந்து துறையில் கட்டியது. மூன்று நாள் நிற்கும். முதல்நாள் போனைக் கைக்குள்ளேயே வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. இரண்டாம் நாள் பின்னேரம் மனேஜர் கப்பலுக்குப் போய் வந்து என் கதிரைக்குப் பக்கத்தில் நின்றார்.

“அக்கா, கேங்வேயில ஒட்டியிருக்கிறது மிஸிஸ் சிவராசா.”

கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். புது மெயிலுக்கு மட்டும்தான் சிக்னேச்சரை மாற்றியிருக்கிறேன். ரிப்ளைக்கு வேறு பெட்டி, அதில் பழையதே கிடந்தது. நான் அனுப்பியதோ ரிப்ளை. பத்து வருடமாக மெயில் போடுகிறவளுக்கு இது தெரியவில்லை. மூன்று நாளில் இரண்டு நாளை நானே தின்றுவிட்டேன். என் தலையில் நானே குட்டிக்கொண்டு, இரண்டு பெட்டியையும் மாற்றி, திருத்திய விவரத்தைத் தயவுசெய்து கேங்வேயில் ஒட்டவும் என்று கப்டனுக்குப் புதிதாக ஒரு மெயில் போட்டேன். அடுத்தநாள் காலை மனேஜர் கப்பலுக்குப் போய், மாறியிருப்பதைப் பார்த்துவிட்டுப் போன் எடுத்தார்.

அன்று முழுக்க ஜன்னலடியில் இருந்தேன். கப்பல் பெடியன்கள் ஆட்டோவில் போனார்கள், சாமான் பைகளோடு திரும்பினார்கள். அவன் வரவில்லை. போனும் வரவில்லை. ஐந்து மணிக்குக் கப்பல் உள்துறைமுகத்தை விட்டுத் திரும்பியது. வெட்கமில்லாமல் அழுதேன். மனேஜர் பார்க்காத மாதிரிக் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

மறுநாள் என் மேசையில் கப்பல் புறப்படும்போது கொடுத்த கடதாசிகள் கிடந்தன. அதிலும் ஒரு க்ரூ லிஸ்ட் இருக்கும். அந்தக் கொம்பனியின் படிவத்தில் கடைசி நிரல், ஆளுக்கு ஏதும் நடந்தால் ஆருக்கு அறிவிப்பது என்பது. பதினான்காவது வரியைப் பார்த்தேன். கணபதிப்பிள்ளை புவனேஸ்வரி, சகோதரி. என் மொபைல் நம்பர். என் பதவியும் கூட இருந்தது, சிக்னேச்சரில் இருந்தபடியே. வந்தபோது கொடுத்த லிஸ்டை எடுத்துப் பார்த்தேன். அதில் அந்த இடத்தில் ‘இல்லை’ என்று இருந்தது.

நான் நிமிர்ந்தபோது மனேஜர் வாசலில் நின்றார்.

“நேத்து ராவு கண்டுட்டன் அக்கா. நீங்களே பாருங்க எண்டு வெச்சன்.”

கொழும்பு பிறகு சிக்னேச்சரைக் கண்டுபிடித்துக் குதித்தது. மனேஜர் என்ன சொல்லிச் சமாளித்தாரோ, நான் ஓய்வு பெறும்வரை அதில் ஒருவரும் கைவைக்கவில்லை.

புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். சிக்னேச்சரை மாற்றினால் புது மெயிலுக்கும் ரிப்ளைக்கும் சேர்த்து மாற்றுங்கள். உங்களுக்கே ஒன்று அனுப்பிப் பாருங்கள். ஓபிஸ் அனுமதித்தால், உங்களைத் தேடுகிறவர்களுக்குத் தெரிந்த பெயரைப் போடுங்கள்.

நான் ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது. தம்பி இன்னும் போன் எடுக்கவில்லை. தெரியாத நம்பரிலிருந்து மணி அடித்தால் எடுக்கும் முன்னர் ஒன்றுதான் வேண்டிக்கொள்கிறேன். அது அவனாக இருக்க வேண்டும், கப்பல் கொம்பனியாக இருக்கக்கூடாது.