ஜின்மோ அண்ணனின் ஒற்றைப் பல்

யோம் ஜின்மோவை எங்கள் மலையேறும் குழுவில் எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். பேட்டைக்குள் சுற்றும் சின்ன பஸ்ஸை ஓட்டுகிறவர். வயது அறுபதை நெருங்குகிறது. பிரேக்கை மிதித்து மிதித்தே வலது கணுக்கால் தேய்ந்துவிட்டது. குளிர்காலத்தில் உறைந்த அருவிகளில் அவர் முன்னால் ஏறுவார். நான் கீழே நின்று கயிறு பிடிப்பேன். முதியோர் இல்லத்துச் சமையலறையில் வாரம் முழுக்க நின்றுவிட்டு, ஞாயிற்றுக்கிழமையும் பனியில் போய் நிற்கிறவளை என்ன சொல்வது? எனக்கே என்மேல் எரிச்சல் வரும்.

சொராக் மலையில் ஓர் அருவி இருக்கிறது. வருஷத்தில் ஓரிரு நாள்தான் ஏற அனுமதி. கீழ்ப்பகுதி சுலபம். நடுவில் உள்ள திட்டிலிருந்து உச்சி வரை நேர்ச்சுவர். மேலிருந்து யாரும் கயிறு பிடிக்காமல், தானே முன்னால் ஏறி அந்த உச்சியைத் தொட வேண்டும் என்பது அண்ணனின் தீராத ஆசை. இதற்கு முன் போனபோதெல்லாம் பாதியில் இறங்கியிருக்கிறார். இந்த வருஷம் விட்டால் கால் பேச்சைக் கேட்காது என்று அவரே சொன்னார். பூட்ஸின் அடியில் மாட்டிப் பனியில் குத்தி ஏறும் இரும்புப் பல் சட்டத்தைக் கிராம்பான் என்போம். அவருடைய பழைய கிராம்பானின் முன்பற்கள் அரம் போட்டுப் போட்டுக் கட்டையாகிவிட்டன. புதிது வாங்க, மலையேற்றச் சாமான் விற்கும் ஜோங்னோ கடைத்தெருவுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

கடைக்கார அம்மாள் அவருடைய பூட்ஸிலேயே ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தாள். வாரைக் கட்டாமல் பூட்ஸைத் தூக்கி உதறினாலும் கிராம்பான் கழன்று விழக்கூடாது. ஒன்றின் முன்கம்பி அகலம், பூட்ஸின் மூக்கு உள்ளே ஆடியது. இன்னொன்று குதிகாலைக் கவ்வவில்லை. அடுத்து வந்தது பூட்ஸோடு பிறந்தது போல் உட்கார்ந்தது. அப்பாடா என்று நினைத்தேன். தொல்லையே அதற்குப் பிறகுதான். அதில் முன்பல்லை ஒன்றாகவும் வைத்துக்கொள்ளலாம், இரண்டாகவும் வைத்துக்கொள்ளலாம். ஒரு திருகைக் கழற்றி மாட்டினால் போதும்.

ஒற்றைப் பல் இருந்தால், கையிலுள்ள பனிக்கோடாரி குத்திய ஓட்டையிலேயே காலையும் ஊன்றலாம். கெட்டிப் பனி உடையாது. ஆனால் கால் திரும்பிக்கொண்டே இருக்கும், கணுக்கால்தான் பிடித்து நிறுத்த வேண்டும். இரட்டைப் பல் அசையாமல் நிற்கும். அண்ணன் கடைக்குள் நடந்து வந்த நடையைப் பார்த்தே அந்த அம்மாள் இரட்டையாக வைக்கச் சொல்லிவிட்டாள். அவரும் முனகிக்கொண்டே சம்மதித்தார். எனக்கு நிம்மதி.

பனி ஏற்றம் தொடங்கும் முன் எங்கள் குழுவில் மலைக்கு ஒரு படையல் உண்டு. பன்றித்தலை, பழம், அரிசிக் கள், அவற்றுக்கு முன்னால் எல்லோருடைய கோடாரியும் கிராம்பானும் வரிசையாக. இளவட்டங்கள் கொண்டுவந்து வைத்ததெல்லாம் ஒற்றைப் பல். ஒருத்தன் என் இரட்டைப் பல் கிராம்பானைப் பார்த்தான்.

"அக்கா, இது பனியில ஏறவா, சமையலறையில கிம்ச்சி கிளறவா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். திரும்பிப் பார்த்தால் அண்ணனைக் காணோம். வண்டிப் பக்கம் போய்விட்டு வந்து தன் கிராம்பானை வைத்தார். அதில் ஒரு பல்தான் இருந்தது.

வீடு திரும்பும்போது, அந்த இன்னொரு பல்லை மறுபடி மாட்டிவிடுங்கள் என்றேன்.

"மலைக்குக் காட்டியாச்சு, மிரான். கும்பிட்டு, கள்ளும் ஊத்தியாச்சு. இப்போ மாத்தினா மலையையே ஏமாத்துற மாதிரி."

யார் காலில் எத்தனை பல் என்று மலையா எண்ணிக்கொண்டிருக்கிறது? பையன்கள் பார்த்துவிட்டார்கள், அவ்வளவுதான் விஷயம். வாதாடத் தெம்பில்லாமல் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டேன்.

அனுமதி நாளன்று பனி கெட்டியாக இருந்தது. திட்டிலிருந்து அண்ணன் அழகாகத்தான் தொடங்கினார். சுவரில் பாதி போனதும் வலது குதிகால் தையல் மெஷின் மாதிரி ஆட ஆரம்பித்தது. பனியில் முறுக்கி இறக்கிய திருகாணியில் தொங்கி இளைப்பாறினார். மறுபடி ஏறினார். மறுபடி கால் திரும்பியது. கடைசியில் "இறக்கு" என்றார்.

இறங்கி வந்து திட்டில் உட்கார்ந்தவரிடம் அந்த இன்னொரு பல் எங்கே என்று கேட்டேன். பஸ் டிப்போ அலமாரியில் இருக்கிறதாம். கத்த வேண்டும் போலிருந்தது. கத்துவதற்கும் களைப்பாக இருந்தது. அவர் தன் இடுப்பிலிருந்த கயிற்று முனையை அவிழ்த்து, என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார்.

"நீ போறியா?"

"நான் கயிறு புடிக்கிறவ அண்ணே."

"உன் காலு நிக்கும்."

அவருடைய கடைசித் திருகாணி வரை பயமில்லை, கயிறு அதன் வழியாக மேலிருந்து வந்தது, கீழே அண்ணன் பிடித்துக்கொண்டார். அதற்கு மேல் நான்தான் திருகாணி முறுக்கிப் போக வேண்டும். என் இரட்டைப் பல்லுக்குக் கெட்டிப் பனி தட்டுத்தட்டாக உடைந்து அவர் தலைமேல் விழுந்தது. பல முறை உதைத்தால்தான் கால் பிடித்தது. பிடித்தால் மட்டும் அசையவில்லை. உச்சிக்குப் போனபோது சந்தோஷம் எதுவும் வரவில்லை, எங்கே உட்காரலாம் என்றுதான் கண் தேடியது. கயிற்றை உச்சியில் கட்டிவிட்டு, அவரை வரச் சொன்னேன்.

அண்ணன் வந்தார். அடிக்கொருதரம் நின்று, தொங்கி, மூச்சு வாங்கி, அரிசி மூட்டையை இழுப்பது போல என் தோளை இற்றுப்போக வைத்துக்கொண்டு வந்தார். என் பக்கத்தில் விழுந்தாற்போல் உட்கார்ந்து, தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேலேர்ந்து ஒருத்தர் புடிச்சிருந்தா, ஒத்தப் பல்லும் நல்லாத்தான் நிக்குது" என்றார்.

கீழே திட்டுக்கு வந்து சேர்ந்த பையன்கள் எங்களைப் பார்த்துவிட்டார்கள். அண்ணன் ஏறிவிட்டாரா, அண்ணன் ஏறிவிட்டாரா என்று ஒரே கூச்சல். அவர் சும்மா கையை அசைத்திருந்தாலே போதும், அவர்கள் நம்பியிருப்பார்கள். நானும் வாயைத் திறந்திருக்கமாட்டேன்.

அண்ணன் விளிம்புக்கு நகர்ந்து குனிந்தார்.

"மிரான் முன்னால ஏறினா. நான் அவ பின்னால வந்தேன்."