ஹீரோவின் தோளுக்குப் பின்னால்

சினிமா போஸ்டர் டிசைன் செய்கிறவர்களின் தலையெழுத்து உங்களுக்கும் தெரிந்திருக்கும்: மூன்று நாள் கண்ணைக் கசக்கிச் செய்ததை ஜனங்கள் பஸ்ஸில் போகிற போக்கில் மூன்று விநாடி பார்ப்பார்கள். இராஜபாளையத்தில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் எனக்கும் அதே கதிதான்.

மலைக்கு எதுக்கு டிக்கெட்?

சென்னையிலிருந்து ஸ்டில்கள் வரும்; உள்ளூர் தியேட்டருக்கு ஏற்ற மாதிரி போஸ்டராக்குவது என் வேலை. இந்தத் தடவை வந்த படத்தில் பாட்டுகளை மட்டும் இங்கே தளவாய்புரம் பக்கம் எடுத்திருந்தார்கள். மலையடிவாரத்தில் கதாநாயகி தனியாக நடந்து போவதுபோல இளம்பச்சையில் ஒன்று செய்து, ஆசையாகக் காட்டினேன்.

தியேட்டர் மேனேஜர் அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். "மலையத்தான் நம்மூர்க்காரன் தெனமும் சும்மா பாக்கானே, அதுக்கு எதுக்கும்மா டிக்கெட்டு? ஹீரோ மூஞ்சியப் பெருசாப் போடு. கண்ணு ரோட்டப் பாக்கணும்."

பாதி முகம்

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் முத்துலட்சுமி வந்தாள். அச்சகத்துக்குப் பக்கத்துப் பேண்டேஜ் துணி கம்பெனியில் வேலை. தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்து போகிறவள். அவள் வீட்டுக்காரர் நடிக்கப் போகிறேன் என்று சென்னைக்குப் போய் இரண்டு வருஷம். இந்தப் படத்தில் வில்லனுடைய அடியாளாக வருகிறாராம். போஸ்டரில் இருக்கிறாரா என்று கேட்டாள்.

ஒவ்வொரு ஸ்டில்லாகத் தேடினோம். ஒரு சண்டைக் காட்சியில், ஹீரோவின் தோளுக்குப் பின்னால் பாதி முகம். பெரிதாக்கிக் காட்டினேன். அவள் விரல் திரை வரைக்கும் போய், தொடாமல் நின்றது. "கன்னம் ஒட்டிப்போச்சே அவியளுக்கு," என்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "யக்கா, அந்தத் தோளக் கொஞ்சம் நகத்த முடியுமா?"

அண்ணாச்சியின் அனுமதி

போட்டோவில் தோளை நகர்த்தினால் பின்னால் மீதி முகம் இருக்காது. அதனால் அவள் வீட்டுக்காரர் முழுசாகத் தெரிகிற இன்னொரு ஸ்டில்லைச் சென்னையில் கேட்டு வாங்கி வெட்டி, தலைப்புக்குக் கீழே ஒட்டினேன். நிற்கிறவரின் கண்ணுக்கு நேராக வருகிற இடம் அது. சண்டைப் படம் என்று தெரிய ஓர் அடியாள் வேண்டும் என்று அண்ணாச்சியிடம் காரணமும் சொல்லி வைத்தேன்.

வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயமாகத்தான் இருந்தது. அவர் வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "யாருன்னு தெரியல. பாவம், நம்மளையேல்லா பாக்கான். இருந்துட்டுப் போட்டும்."

போன் வந்தது

போஸ்டர் ஒட்டிய மறுநாள் காலை ஒரு வேலையாக ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் அந்தப் போஸ்டர். எதிரே, கையில் சாப்பாட்டுப் பையோடு முத்துலட்சுமி. இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டாளாம். போஸ்டரைப் போட்டோ பிடித்து அனுப்பியதும், மாசக்கணக்கில் பேசாதவர் உடனே கூப்பிட்டிருக்கிறார்.

என்ன சொன்னார் என்று ஆவலாகக் கேட்டேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எம் பேரு போடலியான்னு கேட்டாவ, யக்கா. எப்ப வாரியன்னு நான் கேக்கதுக்குள்ள லைன் கட்டாயிருச்சு."

ரெண்டு ஊர் ஜனத்தைத் தியேட்டருக்கு இழுக்க எம்புட்டோ வித்தை கற்று வைத்திருக்கிறேன். ஒரே ஓர் ஆளை வீட்டுக்கு இழுக்கிற டிசைன் மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை.